தொண்டை வேற, வாய் வேற: நம்ம குரலை நாமளே பிரிச்சுப் பாக்குறது எப்படி

குடியாத்தத்துல ஆட்டோ விளம்பரம் ரெக்கார்டு பண்ற சின்ன ரூம் ஒண்ணு வச்சிருக்கேன். தெருத்தெருவா "வாங்க வாங்க"ன்னு கூவிக்கினு போவுதே ஆட்டோ, அந்தக் குரல்ல பாதி என்னுது. சில வருஷம் முன்னாடி ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் பேசிக் குடுத்தேன். ஹெட்போன்ல கேட்டா சினிமா டிரெய்லர் மாதிரி கும்முனு இருந்துது, பேஸை ஏத்து ஏத்துன்னு ஏத்தி வச்சிருந்தேன், எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஆட்டோ மேல கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல போட்டதும் கதை கந்தல். கடைக்காரர் போன் போட்டு, "தம்பி, இன்னா தள்ளுபடி எத்தினி பர்சன்ட்டுன்னு ஒண்ணுமே வெளங்கல, டப்பாக்குள்ள வண்டு பூந்த மாதிரி கீது"ன்னாரு. பாதி காசுதான் வந்துது.

அப்போதான் குரல்னா என்ன, அது எங்க இருந்து கெளம்பி எப்படி எழுத்தாவுதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். நான் படிச்சது பி.காம்., பிசிக்ஸுக்கும் எனக்கும் பத்தாங்கிளாஸோட சரி. அதனால பயப்படாம படிங்க. டப்பிங் ட்ரை பண்றவங்க, பாட்டு கத்துக்கிறவங்க, ஸ்பீச் தெரபி படிக்கலாமான்னு யோசிக்கிற புள்ளைங்க, சும்மா ஆர்வத்துக்கு வர்றவங்க, எல்லாருக்கும் நான் முட்டி மோதி கத்துக்கிட்ட வரிசையிலயே சொல்றேன். வேண்டிய சாமான்: ஒரு போன், ஒரு லேப்டாப் (பழசா இருந்தாலும் போதும்), தண்ணி புடிக்கிற குடம் ஒண்ணு. வெக்கத்தை மட்டும் கொஞ்சம் ஓரமா வைக்கணும், ஏன்னா வீட்ல தனியா உக்காந்து "ஆ... ஈ... ஊ"ன்னு கத்தப் போறீங்க.

முதல் வேலை: லேப்டாப்பைத் தொறக்காதீங்க

கழுத்துல சங்குன்னு சொல்வோம் இல்ல, அது மேல ரெண்டு விரலை லேசா வைங்க. "ஆஆஆ"ன்னு இழுங்க. விரலுக்கு அடியில கிர்ருனு அதிரும். இப்ப "ஸ்ஸ்ஸ்"னு பாம்பு மாதிரி சீறுங்க. அதிர்வு நின்னு போச்சா? காத்து போவுது, சத்தம் வருது, ஆனா தொண்டை சும்மா கெடக்கு.

இப்ப அதை விட முக்கியமான ரெண்டு சோதனை. உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது தாலாட்டை வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முணுமுணுங்க. மெட்டு வரும், ஒரு எழுத்துகூட வராது. அதே தாலாட்டை கிசுகிசுன்னு ரகசியம் பேசுற மாதிரி சொல்லுங்க, எழுத்து அத்தனையும் வரும், மெட்டு வராது. எவ்ளோ முக்கினாலும் கிசுகிசுப்புல சரியா பாட முடியாது.

இந்த வித்தியாசம் மண்டையில ஏறிட்டா பாதி சப்ஜெக்ட் முடிஞ்சுது. மெட்டு தொண்டையில, எழுத்து வாயில. கீழ ஒரு இரைச்சல் மிஷின், மேல அந்த இரைச்சலை செதுக்குற குழாய். ரெண்டும் கிட்டத்தட்ட தனித்தனியா வேலை செய்யுது, அதனாலதான் ஒரே "ஆ"வை ஏழு ஸ்வரத்துலயும் பாட முடியுது, ஒரே ஸ்வரத்துல "ஆ ஈ ஊ"ன்னு மாத்தி மாத்தியும் பாட முடியுது. இதை ஜப்பான்ல சிபா, கஜியாமான்னு ரெண்டு பேரு 1941லயே உயிரெழுத்துக்கு கணக்கு போட்டுக் காட்டினாங்க, அப்புறம் ஸ்வீடன்காரர் குன்னார் ஃபான்ட் 1960ல முழுசா வடிவம் குடுத்தாரு. நம்ம தொல்காப்பியத்துலயும் பிறப்பியல்னு ஒரு பகுதி இருக்கு, உந்தியில இருந்து காத்து கெளம்பி தலை, மிடறு, நெஞ்சுல நின்னு, பல்லு, இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இதெல்லாம் சேர்ந்துதான் எழுத்து பொறக்குதுன்னு வரிசையா சொல்லியிருக்கும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம், தொண்டையில கை வச்சுக்கிட்டு அதைப் படிச்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்.

தொண்டையில என்ன நடக்குது

சங்குக்கு உள்ள குரல்நாண்னு ரெண்டு சதை மடிப்பு இருக்கு. நாண்னு பேரு வச்சதால வீணைத் தந்தி மாதிரின்னு நெனச்சுடாதீங்க, தந்தி கெடையாது, ரெண்டு உதடு மாதிரி. மூச்சு விடும்போது தொறந்திருக்கும், பேசும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், கீழ இருந்து நுரையீரல் காத்து முட்டித் தள்ளும், தொறக்கும், காத்து வேகமா போவும்போது அழுத்தம் கொறையுறதும் சதையோட இழுவையும் சேர்ந்து திரும்ப மூடிடும். தொற, மூடு, தொற, மூடு. ஆம்பளைக்கு இது செகண்டுக்கு சுமாரா 100-ல இருந்து 130 தடவ, பொம்பளைங்களுக்கு 200 சொச்சம், சின்னப் புள்ளைங்களுக்கு 300கிட்ட. அதைத்தான் ஹெர்ட்ஸ்னு சொல்றாங்க. பசங்களுக்கு மீசை மொளைக்கிற வயசுல குரல் உடையுதே, அங்க நடக்குறது இந்த மடிப்பு நீளமா தடிமனா வளர்றதுதான், தடிச்ச சாமான் மெதுவா ஆடும்.

இதை உசுரோட இருக்குற மனுஷன் தொண்டையில தெளிவா பாத்துச் சொன்னது டாக்டர் இல்ல, ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியான்னு ஸ்பெயின்காரர், 1854ல பல் டாக்டர் வச்சிருக்குற மாதிரி நீளக் காம்பு கண்ணாடியை தொண்டைக்குள்ள விட்டு, இன்னொரு கைக்கண்ணாடியால சூரிய வெளிச்சத்தை உள்ள திருப்பி, தன்னோட குரல்நாணை தானே பாத்தாரு. அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில கட்டுரையா போச்சு. வேலூர் பக்கம் வெயிலுக்கா பஞ்சம், நாமளும் பண்ணலாமேன்னு தோணும், வேணாம், வாந்திதான் வரும்.

நாதஸ்வரத்துல இருந்து சீவாளியை மட்டும் கழட்டி ஊதிப் பாத்திருக்கீங்களா? பீப்பீன்னு கேவலமா கத்தும். குரல்நாணோட சத்தமும் அப்படித்தான், மேல வாய்னு குழாய் இல்லன்னா அது வெறும் வண்டுச் சத்தம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, நாதஸ்வரத்துல குழாயோட நீளம்தான் (எந்த ஓட்டையை மூடுறோம்ங்கிறது) ஸ்வரத்தையே முடிவு பண்ணும், நம்ம வாயில குழாய் வடிவம் மாறினா எழுத்துதான் மாறும், ஸ்வரம் பெருசா அசையாது. இந்த உவமையை இதுக்கு மேல இழுக்காதீங்க, நான் இழுத்து ஒரு மாசம் குழம்பினேன்.

ரெண்டாவது வேலை: குடம்

குழாயடியில குடம் வச்சுட்டு வாசல்ல உக்காந்து கதை பேசிக்கினு இருப்பாங்க எங்க ஆயா. குடம் நெறையுற நேரத்துக்கு டக்குனு எழுந்து போவாங்க. பாக்கவே மாட்டாங்க, காதுலயே தெரியும். எப்படி? தண்ணி ஏற ஏற "டொம்ம்"னு இருந்த சத்தம் "டிம்ம்"னு மெலிசாகி உச்சத்துக்குப் போவும். தண்ணி விழுற சத்தத்துல எல்லா ஸ்தாயியும் (செகண்டுக்கு இத்தினி அதிர்வுங்கிற அளவைத்தான் ஸ்தாயின்னு சொல்றேன்) கலந்து கெடக்கு, குடத்துக்குள்ள மிச்சம் இருக்குற காத்து அதுல தனக்குப் புடிச்சதை மட்டும் தூக்கிக் காட்டுது. காத்து இருக்குற எடம் சின்னதாக ஆக தூக்கிக் காட்டுற ஸ்தாயி மேல போவும். ஸ்கூல் புக்குல ஒத்ததிர்வுன்னு போட்டிருப்பாங்களே, அது இதேதான்.

உங்க வாயும் ஒரு குடம்தான், நாக்கால உள்ள இருக்குற எடத்தை மாத்திக்கிற குடம். குரல்நாண்ல இருந்து உதடு வரைக்கும் ஆம்பளைக்கு சுமாரா 17 சென்டிமீட்டர். ஒரு பக்கம் மூடின, ஒரு பக்கம் தொறந்த குழாய்னு வச்சுக்கிட்டா, கணக்கு சிம்பிள்: காத்துல சத்தம் போற வேகத்தை நாலு மடங்கு நீளத்தால வகுக்கணும். சுமாரா 340 மீட்டரை 0.68ஆல (0.17 மீட்டரோட நாலு மடங்கு) வகுத்தா 500 ஹெர்ட்ஸ். அப்புறம் அதோட 3 மடங்கு, 5 மடங்கு, அதாவது 1500, 2500. நாக்கை எங்கயும் தூக்காம, வாயை பாதி தொறந்து சோம்பேறித்தனமா "அ"ன்னு சொன்னா கிட்டத்தட்ட இந்த மூணு எடத்துல சத்தம் தூக்கலா இருக்கும். இந்த தூக்கலான எடங்களுக்குத்தான் ஃபார்மண்ட்னு பேரு. முதல் ஃபார்மண்ட், ரெண்டாவது, மூணாவதுன்னு எண்ணிக்கிட்டே போவாங்க. (வெளிய 42 டிகிரி அடிச்சா வேகம் மாறாதான்னு ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. வெளிய மாறும், ஆனா வாய்க்குள்ள இருக்குற காத்து எப்பவும் உடம்புச் சூட்டுலதான் இருக்கும், அங்க வேகம் 350கிட்ட, அதனால மே மாசம் உங்க "ஆ" "ஓ"வாயிடாது.)

மூணாவது வேலை: ஒழுங்கா ஒரு ரெக்கார்டிங்

இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் சறுக்குறாங்க. ஃபேனை ஆஃப் பண்ணுங்க. வேலூர் மாவட்டத்துல இருந்துக்கிட்டு ஃபேனை ஆஃப் பண்ணச் சொல்றவன் மனுஷனான்னு திட்டலாம், பரவால்ல, அஞ்சு நிமிஷம்தான். ஃபேன் காத்து மைக்ல அடிச்சா கீழ்ஸ்தாயில புஸ்புஸ்னு ஒரு குப்பை சேரும், அதுக்கு மேல கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ஹம் வேற. விடியக்காலை அஞ்சு மணிதான் எனக்கு புடிச்ச நேரம், வெக்கையும் கம்மி, பைக் சத்தமும் கம்மி.

வெறும் செவுரு இருக்குற ரூம்ல எதிரொலி அடிக்கும், கோட்டைக்குள்ள கல் மண்டபத்துல நின்னு பேசினா கேக்குமே அந்த மாதிரி. மெத்தை, போர்வை, துணி அலமாரி இருக்குற ரூம் பாருங்க. நான் ஆரம்பத்துல பீரோ கதவைத் தொறந்து புடவை அடுக்கு முன்னாடி நின்னுதான் பேசுவேன், ஸ்டூடியோவுக்கு காசு இல்லாதப்ப இதை விட நல்ல ஐடியா கெடையாது. மைக்கை வாய்க்கு நேரா வைக்காதீங்க, ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சைடுல வைங்க, இல்லன்னா "ப" சொல்லும்போதெல்லாம் காத்து போய் டப்புனு முட்டும்.

வாய்ஸ் மெசேஜா அனுப்பின ஃபைலை வச்சு அளக்காதீங்க. அது சைஸைக் கொறைக்க சத்தத்தைக் கசக்கிப் புழிஞ்சு வச்சிருக்கும். வேவ் ஃபைலா, 44100 ஹெர்ட்ஸ் சாம்பிளிங்ல (செகண்டுக்கு 44100 தடவ சத்தத்தை அளந்து பதியுறது), மோனோவா எடுங்க. 44100ன்னா அதுல பாதி, 22050 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற சத்தம் பதிவாகும், பேச்சுக்கு அது தாராளம்.

ரெக்கார்டு பண்ணதைக் கேட்டதும் "ச்சீ, இதுவா என் குரல்?"னு தோணும். எல்லாருக்கும் தோணும். நாம பேசும்போது நம்ம குரல் காத்து வழியாவும் வருது, மண்டை எலும்பு வழியா உள்ளுக்குள்ளயும் வருது, எலும்பு வழியா வர்றதுல கீழ்ஸ்தாயி ஜாஸ்தி, அதனால நமக்கு நாம கொஞ்சம் கம்பீரமாவே தெரிவோம். ஊருக்குக் கேக்குறது ரெக்கார்டிங்ல இருக்குறதுதான். ஏத்துக்கிட்டு மேல போலாம்.

நாலாவது வேலை: ப்ராட்

ப்ராட்னு ஒரு சாஃப்ட்வேர், ஃப்ரீ. ஆம்ஸ்டர்டாம் யூனிவர்சிட்டியில பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க்னு ரெண்டு பேரு பண்ணது, டச்சு பாஷையில அந்த வார்த்தைக்கு பேச்சுன்னு அர்த்தம். தொறந்தா ரெண்டு ஜன்னல் வரும், பிக்சர்னு இருக்குறதை மூடிடுங்க, இப்ப தேவையில்ல. நியூ மெனுவுல ரெக்கார்ட் மோனோ சவுண்ட், பேசுங்க, ஸ்டாப், சேவ் டு லிஸ்ட். அப்புறம் லிஸ்ட்ல அந்தப் பேரை செலக்ட் பண்ணி வியூ அண்ட் எடிட் அழுத்துங்க. ஏற்கெனவே எடுத்த வேவ் ஃபைல் இருந்தா ஓப்பன் மெனு வழியா கொண்டு வரலாம்.

மேல புழு நெளியுற மாதிரி வர்றது அலை. கீழ சாம்பல் கலர்ல மழை பேஞ்ச செவுரு மாதிரி தெரியுதே, அதான் ஸ்பெக்ட்ரோகிராம். இடமிருந்து வலம் நேரம், கீழ இருந்து மேல ஸ்தாயி, எங்க கருப்பா இருக்கோ அங்க சத்தம் ஜாஸ்தி. அவ்ளோதான். மொத தடவ பாக்குறப்ப எக்ஸ்ரே பாத்த மாதிரி ஒண்ணும் புரியாது, பத்து நாள் பாத்தா எழுத்து தெரிய ஆரம்பிக்கும், சத்தியமா.

அலையை நல்லா பெருசு பண்ணிப் பாருங்க. "ஆ" சொன்ன எடத்துல ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும், லுங்கி கட்டம் மாதிரி (எங்க ஊரு கைத்தறி ஊரு, வேற எதைச் சொல்வேன்). ஒரு டிசைன்ல இருந்து அடுத்த டிசைன் வரைக்கும் ஒரு தடவ குரல்நாண் தொறந்து மூடுது. அந்த நீளம் 0.008 செகண்டுன்னா, ஒண்ணை அதால வகுங்க, 125 ஹெர்ட்ஸ், அதான் உங்க சுருதி. நீலக் கோடா ப்ராட் காட்டுறதும் அதைத்தான், ஆனா முதல் தடவ கையால கணக்கு போட்டுப் பாருங்க, அப்பதான் நம்பிக்கை வரும். சில நேரம் அந்தக் கோடு திடீர்னு பாதியா விழும், இல்ல டபுளா குதிக்கும். நீங்க குதிக்கல, சாஃப்ட்வேர் தப்பா எண்ணிடுச்சு.

ஃபார்மண்ட்ஸ் மெனுவுல ஷோ ஃபார்மண்ட்ஸ் போட்டா செவப்பு புள்ளி வரும். இங்க ஒரு செட்டிங் கண்டிப்பா மாத்தணும்: உச்ச அளவு 5500னு இருக்கும், அது பொம்பளைக் குரலுக்கு சரி, ஆம்பளைக்கு 5000 போடுங்க. இதை மாத்தாம ரெண்டு மாசம் தப்புத் தப்பா அளந்து நோட்டு பூரா எழுதி வச்ச ஆளு நான்.

அஞ்சாவது வேலை: ஆ, ஈ, ஊ

மூணையும் ஒரே ஸ்வரத்துல, ஒவ்வொண்ணும் ரெண்டு செகண்ட் இழுத்து ரெக்கார்டு பண்ணுங்க. எழுத்தோட நட்ட நடுவுல கிளிக் பண்ணி (ஓரத்துல வேணாம், அங்க வாய் நகர்ந்துக்கிட்டு இருக்கும்) கீபோர்டுல எஃப் ஒண்ணு அழுத்தினா முதல் ஃபார்மண்ட், எஃப் ரெண்டு அழுத்தினா ரெண்டாவது. ஆம்பளைக் குரல்ல சுமாரா இப்படி இருக்கும்: "ஆ"வுக்கு 700, 1100. "ஈ"க்கு 300, 2300. "ஊ"வுக்கு 300, 850. ஆளுக்கு ஆள் மாறும், பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் குழாய் சின்னது, எல்லாமே மேல தள்ளி இருக்கும், ஆனா மூணுக்கும் நடுவுல இருக்குற உறவு மாறாது.

சூட்சுமம் என்னன்னா, தாடையை எறக்கி வாயைத் தொறந்தா முதல் ஃபார்மண்ட் ஏறும், நாக்கை முன்னாடி தள்ளினா ரெண்டாவது ஏறும். "ஈ"ல இருந்து "ஆ"வுக்கு மெதுவா வழுக்கிக்கிட்டே போங்க, ஸ்க்ரீன்ல ரெண்டு புள்ளி வரிசையும் தூரமா இருந்து கிட்ட கிட்ட வர்றதைப் பாக்கலாம். மொத தடவ அதைப் பாத்தப்ப ராத்திரி பதினோரு மணி, "ஈயா ஈயா"ன்னு கத்திக்கினே இருந்தேன், பக்கத்து வூட்டு அண்ணன் வந்து உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனாரு.

அடுத்து "ஊர்", "பாட்டு" ரெண்டையும் எடுங்க. "பாட்டு"ல கடைசியா வர்றதும் உகரம்தானே, ஆனா அங்க உதடு குவியாது, கண்ணாடியில பாருங்க. நேரமும் கம்மி, ரெண்டாவது ஃபார்மண்ட் "ஊ"ல இருக்குறதை விட மேல இருக்கும். தமிழ் ஐயா குற்றியலுகரம், குற்றியலுகரம்னு உயிரை எடுத்தாரே, அது இதோ ஸ்க்ரீன்ல. அரை மாத்திரைன்னு இலக்கணம் சொன்னதும் சும்மா இல்ல. "கல்", "கால்" ரெண்டையும் அளந்தா எனக்கு நெடில் கிட்டத்தட்ட ரெண்டு பங்குக்கு வந்துது, மெதுவா பேசினா இன்னும் சுத்தமா வரும், வேகமா பேசும்போது வித்தியாசம் சுருங்கும்.

ஆறாவது வேலை: மெய்யெழுத்து, கூட மூணு கானா

மெய்யெழுத்துல பாதி நேரம் நாம பாக்குறது சத்தத்தை இல்ல, சத்தம் இல்லாத எடத்தை. "பட்டு" சொல்லுங்க, நடுவுல வெள்ளையா ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு கோடு மாதிரி வெடிப்பு. நாக்கு போய் அண்ணத்துல ஒட்டி காத்தை நிறுத்தின நேரம்தான் அந்த வெள்ளை. "படு" சொன்னா அந்த எடம் ரொம்பக் குறுகிடும், முழு வெள்ளையாவும் இருக்காது, அடியில மெலிசா ஒரு கருப்புப் பட்டை ஓடும். அந்தப் பட்டைதான் குரல்நாண் இன்னும் அதிர்ந்துக்கிட்டு இருக்குன்னு சாட்சி. "கல்", "சங்கு", "பகல்" மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எழுத்து ஒரே "க", ஆனா மொதல்ல இருக்குறதுக்கு அடிப்பட்டை இல்ல, சங்குல இருக்கு, பகல்ல வெடிப்பே இல்லாம வழிஞ்சு போவும். நமக்கு எழுத்து ஒண்ணு போதும், எங்க வந்தா எப்படிச் சொல்லணும்னு வாய்க்கே தெரியும்.

ஆம்பூர்ல இருந்து ஒரு ஃப்ரெண்டு வருவான், வூட்ல உருது பேசுறவங்க. அவன் கிட்ட மூணு வார்த்தை வாங்கினேன்: ஒத்தக்கண்ணனுக்கு ஒரு கானா, சாப்பாட்டுக்கு ஒரு கானா, பாட்டுக்கு ஒரு கானா. தமிழ்ல எழுதினா மூணும் கானா, கானா, கானா. நான் திருப்பிச் சொன்னா அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஸ்க்ரீன்ல போட்டதும் பளிச்சுனு தெரிஞ்சுது. முதல் கானாவுல வெடிச்ச 20, 30 மில்லிசெகண்டுல குரல் ஆரம்பிச்சுடுது. சாப்பாட்டு கானாவுல வெடிப்புக்கு அப்புறம் 80 மில்லிசெகண்டுக்கு மேல வெறும் காத்து, மழைச்சாரல் மாதிரி, அதுக்கு அப்புறம்தான் குரல். பாட்டு கானாவுல நேர் எதிர், வெடிக்கிறதுக்கு முன்னாடியே அடிப்பட்டை ஓட ஆரம்பிச்சுடுது. மூணுலயும் நாக்கு ஒட்டுற எடம் ஒண்ணுதான், குரல்நாண் எப்போ வேலையை ஆரம்பிக்குதுங்கிற நேரக்கணக்குதான் வேற. இதை கண்ணால பாத்து, உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி வச்சு காத்தை சரி பண்ணி, ஒரு வாரத்துல ஓரளவுக்கு சொல்ல வந்துச்சு. இப்ப சிரிக்கிறது கொறைஞ்சிருக்கு. தெலுங்கு பேசுற வீட்ல ஃப்ரெண்டு இருந்தாலும் இதே விளையாட்டு ஆடலாம்.

"ஸ்" பத்தி சுருக்கமா: அதோட சத்தம் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் குவிஞ்சு கெடக்கும். பழைய போன் லைன் கடத்துறது 300ல இருந்து 3400 வரைக்கும்தான். போன்ல பேரு சொல்லும்போது "எஸ்ஸா எஃப்பா"ன்னு கேட்டு உசுரை வாங்குறது அதனாலதான்.

ஏழாவது வேலை: ழ

எங்க பக்கம் ஆயாவுக்கு வாழப்பழம் கெடையாது, வாயப்பயம்தான். வடாற்காடு பக்கம் வயசானவங்க நெறைய பேரு இப்படித்தான் பேசுவாங்க, தெக்கத்தி ஆளுங்க "வாளப்பளம்"னு சொல்வாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணிக்குவாங்க. ஸ்பெக்ட்ரோகிராம்ல "பழம்", "பயம்" ரெண்டையும் போட்டா வித்தியாசம் அழகா தெரியும். "ய"வுல ரெண்டாவது ஃபார்மண்ட் மேல எகிறும், கிட்டத்தட்ட "ஈ" சொல்ற மாதிரி. "ழ"வுல மூணாவது ஃபார்மண்ட் பள்ளத்துல விழுற மாதிரி கீழ எறங்கி ரெண்டாவதுகிட்ட வந்து ஒட்டப் பாக்கும். நாக்கு நுனி மேல வளைஞ்சு, எதையும் தொடாம நிக்கிறதால வர்ற எறக்கம் அது. தொட்டுட்டா "ள" ஆயிடும்.

தமிழோட ல, ள, ழ, ர, ற அஞ்சையும் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான்னு மூணு பேரு எம்ஆர்ஐ ஸ்கேன்லாம் வச்சு ஆராய்ச்சி பண்ணி 1999ல அமெரிக்காவுல வெளியிட்டிருக்காங்க. நமக்கு ஸ்கேன் வேணாம், அந்தப் பள்ளம் போதும். "ழ" வரலன்னு கவலைப்படுறவங்க, "அழ... அழ... அழ"ன்னு மெதுவா சொல்லி மூணாவது புள்ளி வரிசை எறங்குதான்னு பாருங்க, எறங்கலன்னா நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னாடி இழுத்துப் பாருங்க. காது ஏமாத்தினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுடும். என்னைக் கேட்டா ஆயாவை திருத்த வேண்டியதில்ல. விளம்பரம் பேசுறவன், மேடை ஏறுறவன் கத்துக்கட்டும்.

இது தப்பா போற எடங்கள் சிலது: கொழந்தைங்க குரல், உச்சத்துல பாடுற குரல், இதுல செவப்பு புள்ளியை நம்பாதீங்க, குரல்நாண் சத்தத்துல சுருதியோட கூடவே அதோட 2, 3, 4 மடங்கு ஸ்தாயியும் கலந்திருக்கும், சுருதி 400, 500னு போயிட்டா அந்த மடங்குகள் தூரம் தூரமா இருக்கும், ஃபார்மண்ட் எங்கன்னு கண்டுபிடிக்க நடுவுல சத்தமே இருக்காது. அலை மேலயும் கீழயும் கத்தரிச்ச மாதிரி தட்டையா இருந்தா மைக் ஓவர்லோடு, அந்த டேக்கை தூக்கிப் போட்டுட்டு திரும்ப எடுங்க. ஒரு வார்த்தையை ஒரு தடவ அளந்து முடிவு கட்டாதீங்க, அஞ்சு தடவ சொல்லி அஞ்சையும் அளங்க.

தொண்டையைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. இதெல்லாம் பண்றேன்னு மணிக்கணக்கா கத்தினா கட்டிக்கும். கட்டிக்கிச்சுன்னா கிசுகிசுன்னு அழுத்திப் பேசாதீங்க, அதுவும் சிரமம்தான், பேசாம இருக்குறதுதான் மருந்து, தண்ணி நெறைய குடிங்க, தொண்டையை "க்ர்ர்"னு செருமிக்கிட்டே இருக்காதீங்க. மூணு வாரம் ஆயும் கரகரப்பு போவலன்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துடுங்க. அங்க ஸ்ட்ரோப் லைட் அடிச்சு குரல்நாண் மெதுவா ஆடுற மாதிரி ஸ்க்ரீன்ல காட்டுவாங்க, கார்சியா பாத்தா சொத்தையே எழுதி வச்சிருப்பாரு.

அந்த ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வரேன். குழாய் ஸ்பீக்கர்ல 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதுவும் வெளிய வராது. நான் ஏத்தி வச்ச பேஸ் பூரா அங்க செத்துப் போச்சு, போறதுக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபையரோட சக்தியையும் தின்னு, சத்தத்தை ஒடைச்சும் விட்டுடுச்சு. என் சுருதி 110கிட்ட, அது வெளிய வரலன்னாலும் பரவால்லயாம், 330, 440, 550னு மேல இருக்குற மடங்குகள் வந்தா போதும், கேக்குறவங்க மூளை இடைவெளியை வச்சு 110ஐ தானே போட்டு நிரப்பிக்கும். போன்ல அப்பா குரல் அப்பா குரலாவே கேக்குதே, அதே கணக்கு. எழுத்தைப் பிரிச்சுக் காட்டுற சமாசாரம் எல்லாம் மேல இருக்கு, நம்ம காதோட துவாரமும் ரெண்டரை சென்டிமீட்டர் குழாய், 3000 சொச்சத்துலதான் நல்லா தூக்கிக் குடுக்கும். திருவிழா ராத்திரியில முகவீணைக்கும் மத்தளத்துக்கும் மேல கூத்துக்காரர் குரல் கடைசி வரிசை வரைக்கும் எட்டுதே, ஒரு நாள் ரெக்கார்டு பண்ணி அந்த 2500ல இருந்து 3500 வரைக்கும் இருக்குற பட்டையைப் பாக்கணும்னு ஆசை, இந்த வருஷம் பண்ணிடுவேன்.

அதனால இப்ப என் ரூம்ல 200க்குக் கீழ வெட்டிடுறேன், 2000ல இருந்து 4000 வரைக்கும் லேசா தூக்குறேன், வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுறேன், "தள்ளுபடி"யில "ள்ளு"வை அவசரப்படாம சொல்றேன். ஹெட்போன்ல கேக்கும்போது டப்பா மாதிரி இருக்கும், கேட்டவங்க மூஞ்சி சுளிப்பாங்க, கண்டுக்கிறதில்ல. முடிச்சதும் போன் ஸ்பீக்கர்ல போட்டு, நடுவுல கதவை சாத்திட்டு, அந்தப் பக்கம் இருக்குற ஆயாவைக் கூப்ட்டு இன்னா சொன்னேன்னு கேப்பேன். போன வாரம் ஒரு பழக்கடை விளம்பரம். "பயக்கடை தொறக்குறாங்களாம், மொத நாள் வாயப்பயம் பாதி வெலையாம், எத்தினி மணிக்குடா?"ன்னாங்க. மணி சொன்ன எடத்தை மட்டும் திரும்பப் பேசி எடுத்து அனுப்பினேன்.